நான்கு கேமரா, ஒரு கடிகாரம்

ஜனவரி 18, வியாழன்

"நீங்க பாத்தப்போ அந்த மிஷின் நல்லா இருந்துச்சா மேடம்?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கேட்டவள் பெயர் பூங்காவனம். நாற்பது வயதிருக்கும். அம்பத்தூரில் மின்விசிறிக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். ஓட்டினாள். டிசம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, ஷிப்ட் தொடங்கிய சில நிமிடங்களில் ஏழாம் எண் பிரஸ் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. பெடலை ஒருமுறைதான் மிதித்தேன், பிரஸ் தானாக இரண்டாவது முறை இறங்கியது என்கிறாள். பெடலிலிருந்து காலை எடுக்காமலே கையை உள்ளே விட்டாள் என்கிறது நிர்வாகம். குற்றப்பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி பதின்மூன்றில் விசாரணை. நிரூபணமானால் வேலை போகும், அதோடு விபத்துக்கு அவளே பொறுப்பு என்று கோப்பு மூடப்படும்.

மூன்றாமாண்டு செய்முறை வகுப்பின் நடுவில் வந்து நின்றாள். இடது கையால் பையைத் துழாவி ஒரு தாளை எடுத்தாள். எங்கள் பொறியியல் கல்லூரி அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்த பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ். செப்டம்பர் பதினொன்று. கீழே என் கையெழுத்து.

"காலேஜ்லேருந்து வந்து எல்லா மிஷினையும் பாத்தாங்கன்னு மேனேஜர் சொல்றாரு. நானும் அன்னிக்கு வேலைலதான் இருந்தேன். யாரையும் பாக்கல. நான் டீ குடிக்கப் போயிருந்தேனோ என்னவோ."

கடைசி வாக்கியம் வேண்டுமென்றே சொன்னது. மாணவர்கள் காத்திருக்கிறார்கள், தாளை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"வெச்சுக்கங்க மேடம். ஜெராக்ஸ்தான். எங்கிட்ட இன்னும் நாலு கெடக்கு."

வாசலில் செக்யூரிட்டி என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்? யார் வேண்டுமானாலும் வகுப்புக்குள் நுழையலாமா? போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் கேஸ் சிலிண்டர்காரர் ஆளில்லை என்று திரும்பிப் போயிருந்தார்.

ஜனவரி 19, வெள்ளி

துறைத் தலைவர் குலசேகரன் அழைத்தார். அதே தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விசாரணையில் வைப்பதற்காக ஏழாம் எண் பிரஸ்ஸை மறுபடி சோதித்து அறிக்கை தர வேண்டுமாம்.

"நமக்குப் பழைய கிளையன்ட் மேடம். சதாசிவத்த அனுப்புங்க, ஃபார்ம் வந்துடும். நீங்க ஒரு கையெழுத்து."

சதாசிவம் எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். ஜூனில் ஓய்வு பெறுகிறார். மதியம் ஃபார்மோடு வந்தார். பிரேக் சரி. கிளட்ச் சரி. காவல் வலை சரி. எல்லாக் கட்டத்திலும் டிக். அங்கே இன்னும் யாரும் போகவே இல்லை.

"இந்தத் தடவை நானே போறேன்" என்றேன்.

"நீங்களா?" என்றார். அந்தச் சொல் எப்படி ஒலித்தது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "இல்ல, வெயில்ல எதுக்குன்னு கேட்டேன் மேடம்."

ஜனவரியில் என்ன வெயில்.

ஜனவரி 20, சனி

மாவு அரைத்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

தொழிற்சாலைக்குப் போனோம். ஆய்வகத்தில் இருந்த நான்கு வெப் கேமராக்களையும் ஸ்டாண்டுகளையும் சதாசிவம் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் செக்யூரிட்டியிடம், "பிரஸ் ஷெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் கேட்காததுபோல் நடந்தேன்.

தகரக் கொட்டகை. பதினோரு பிரஸ்கள், இரண்டு வரிசை. ஓட்டுவது எல்லாம் பெண்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். மேனேஜர் தியாகு இளைஞர், அக்டோபரில்தான் சேர்ந்தாராம். "நம்ம மேடம்தானே" என்று யாரிடமோ போனில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஷின் மேல ஒயர் எதுவும் வெக்காதீங்க மேடம், புரொடக்‌ஷன் நிக்கக் கூடாது. தள்ளி நின்னு எவ்ளோ வேணா வீடியோ எடுத்துக்கங்க."

ஆக, கேமராக்கள் மட்டும்தான். ஒன்று பெடலையும் காலையும் பார்க்கிறது. ஒன்று மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டும் ராம் என்ற இரும்புத் தலையை. ஒன்று பக்கவாட்டிலிருக்கும் பெரிய சக்கரத்தை. நான்காவது கையை.

ஏழாம் எண்ணில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அஞ்சுகம் என்ற பெண். தகட்டை வைக்கிறாள், மிதிக்கிறாள், ராம் இறங்கி ஏறுகிறது, எடுக்கிறாள். நாலு நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் அவள் கை வெளியே வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைக்கு அது தேவையில்லாத வேலை.

மூன்றாவது மணி நேரத்தில் நடந்தது. ராம் ஏறியது, நிற்காமல் மறுபடி இறங்கியது. அஞ்சுகத்தின் கை அப்போது கூடையில் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? இத்தத்தான் சொல்றோம்!"

"ரெண்டு தரம் மிதிச்சிருப்பா" என்றார் தியாகு.

மேனேஜர் அறைக்குப் போய் வீடியோவை ஓட்டினோம். காலைப் பார்த்த கேமராவையும் ராமைப் பார்த்த கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ராம் இரண்டாம் முறை இறங்கும்போது கால் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

"அவ்ளோதான் மேடம். இத அப்படியே ரிப்போர்ட்ல போட்டுடுங்க" என்றார் தியாகு.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொடக்கத்தில் எல்லாக் கேமராவுக்கும் முன்னால் சதாசிவத்தைக் கைதட்டச் சொல்லி, அந்தத் தட்டலை வைத்துத்தான் நேரத்தைப் பொருத்தியிருந்தேன். கேமராக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன; கொட்டகைக்குத் திரும்பி மறுபடி ஒரு தட்டு தட்டச் சொன்னேன். ஒரே தட்டல், நான்கு கேமராவில் நான்கு நேரம். முதலுக்கும் கடைசிக்கும் அரை நொடி இடைவெளி. ராம் மேலிருந்து கீழே வர ஆகும் நேரமே அவ்வளவுதான்.

அதாவது, அந்தப் படத்தை வைத்து அஞ்சுகத்தின் கால் பெடலில் இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இப்படிப்பட்ட ஆதாரத்தை வைத்துத்தான் மனிதர்களை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள்.

ஜனவரி 24, புதன்

ஒவ்வொரு கேமராவும் தன் சொந்தக் கடிகாரத்தை நம்புகிறது. எல்லாம் மிக நல்ல கடிகாரங்கள், லட்சத்தில் ஐந்து பங்குகூடப் பிழை இல்லை. மூன்று மணி நேரம் ஓடவிட்டால் அதுவே அரை நொடி.

ஒன்றாக இயங்கும் கேமராத் தொகுதிக்கு விலை கேட்டேன். என் இரண்டு வருடச் சம்பளம். குலசேகரன் சிரித்தார். "ஒரு பிரஸ்ஸுக்கு இவ்ளோவா மேடம்? கண்ணால பாத்து எழுதுங்க போதும்." கண்ணால் பார்ப்பதைப் பற்றி அவர் பேசுகிறார்.

நானே செய்துகொள்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்தியது இதைத்தானே. ஒரே ஒரு கிரிஸ்டல். அதிலிருந்து நொடிக்கு அறுபது துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் நான்கு கம்பிகளில் ஒரே சமயத்தில் போகும். துடிப்பு வந்தால் கேமரா ஒரு படம் எடுக்கும், வராவிட்டால் சும்மா இருக்கும். யாருக்கும் சொந்தக் கடிகாரம் கிடையாது.

ஜனவரி 27, சனி

ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக் சாமான் கடைகள். மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் இயந்திரங்களிலிருந்து கழற்றிய கேமராக்கள் ஒரு கடையில் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கம்பி தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் துடிப்பைக் கொடுத்தால் படம் எடுக்கும். நான் தேடியது அதுதான்.

"வாரன்டி உண்டா?"

"எனக்கே கிடையாது மேடம்" என்றார் கடைக்காரர்.

ஆறு வாங்கினேன். நான்கு வேலை செய்கின்றன. சிப், கிரிஸ்டல், போர்டு, கம்பி எல்லாம் சேர்த்தும் ஒரு நல்ல கைத்தறிச் சேலையின் விலை வரவில்லை. பெட்டிக்குப் பழைய பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா.

ஜனவரி 28, ஞாயிறு

காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் சால்டரிங். நாற்பத்தொன்பது வயதில் ஊசி கோக்கவே மூக்குக்கண்ணாடி வேண்டும். இதற்கு அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி. ஒவ்வொரு கேமராவின் பார்வை மூலையிலும் ஒரு சிறிய விளக்கு வைக்கிறேன். நூறு துடிப்புக்கு ஒருமுறை எரியும். நான்கிலும் ஒரே எண்ணுள்ள படத்தில் எரிந்தால் ஒருங்கிணைப்பு சரி. இல்லாவிட்டால் எங்கோ பொய்.

பூங்காவனம் போன் செய்தாள். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

"செவ்வாக்கெழம போனீங்களாமே மேடம். அன்னிக்குப் போனா எப்டி? திங்கக்கெழம காலைல போவணும்."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம பூரா சும்மா கெடந்தா அதுக்குத் திமிரு புடிச்சுக்கும். குளுருல கிரீஸ் எறுகிடும். அதான் நாங்க திங்கக்கெழமன்னா மொதல்ல அம்பது காலி அடி அடிப்போம். தகடு வெக்க மாட்டோம், கைய மடில வெச்சுக்குவோம். அது சூடாவற வரைக்கும். யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு தெரியாது, நான் சேந்த காலத்துலேருந்து அப்டித்தான்."

"அப்ப டிசம்பர் பதினெட்டு?"

"இந்தப் புதுசா வந்தவரு அடிய எண்ற மீட்டர் மாட்டிட்டாரே. காலி அடியெல்லாம் கழிவுல ஏறுது, எங்க தலைல விழுது. வேணாம்னுட்டாரு. நேரா தகட வெச்சேன்."

தேதியைக் குறித்துக்கொண்டேன். பிறகு அவள், "நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல நீங்க" என்றாள்.

சோதனை முடியட்டும் என்றேன்.

ஜனவரி 30, செவ்வாய்

ஆய்வகத்தில் முதல் ஓட்டம். பத்து நிமிடம் அழகாகப் போனது. பக்கத்து அறையில் கடைசல் இயந்திரத்தின் மோட்டாரைப் போட்டார்கள், மூன்றாவது கேமரா ஒரு படம் அதிகமாக எடுத்துவிட்டது. மோட்டார் கிளப்பிய மின் இரைச்சலைத் துடிப்பு என்று நினைத்துவிட்டது. அந்த நொடியிலிருந்து அதன் எண்ணிக்கை எல்லாம் ஒன்று கூட. மூலை விளக்கு இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். பதினோரு மோட்டார் ஓடும் கொட்டகையில் இது என்ன ஆகும்?

கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் எறிந்தேன். சதாசிவம் எடுத்துக்கொடுத்தார். அப்போதுதான் கேட்டேன்.

"செப்டம்பர்ல நீங்க ஷெட்டுக்குள்ள போனீங்களா இல்லையா?"

"பாத்தேன் மேடம்."

"எங்கேருந்து?"

"வாசல்லேருந்து." கொஞ்சம் பொறுத்து, "எந்த வாசல்னு கேக்காதீங்க" என்றார். "மேனேஜர் ரூம்ல டீ குடுத்தாங்க. மிஷினெல்லாம் ஓடுதுன்னாங்க. சத்தம் கேட்டுச்சு. எல்லாக் காலேஜ்லயும் இதான் மேடம் நடைமுறை. பதினஞ்சு வருஷமா நான் எழுதறேன். இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல."

இவரை என்ன செய்வது? பதினைந்து வருடம். சத்தம் கேட்டதாம். ஓடும் இயந்திரம் நல்ல இயந்திரம் என்று இவருக்கு யார் சொன்னது? ஒருவன் தன் வேலையில் இவ்வளவு அலட்சியமாக இருந்துவிட்டு தொழிற்சாலைக்காரர்கள் கொடுக்கும் இனிப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடிகிறது. ஆளை மெமோ கொடுத்து நிறுத்த வேண்டும்.

ஃபார்மின் அடியில் 'நேரில் சோதித்தேன்' என்று அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே இருப்பது சதாசிவத்தின் கையெழுத்து அல்ல.

பிப்ரவரி 1, வியாழன்

ஆப்டோகப்ளர் போட்டேன். துடிப்பை ஒளியாக மாற்றி அடுத்த பக்கம் கடத்தும் சின்னச் சிப். மின்சாரம் நேராகத் தாண்டாது, அதோடு வரும் இரைச்சலும் தாண்டாது. கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்க வேண்டியிருந்தது. சதாசிவம் கேட்காமலே வந்து, கம்பியின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை டிரில்லில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் நான்கு ஜோடியையும் கயிறுபோல் முறுக்கிக் கொடுத்தார். வேலை தெரிந்த மனிதர். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கடைசல் இயந்திரத்தை இருபது முறை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். ஒரு படம்கூடப் பிசகவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்னும் நாற்பது முறை. பிசகவில்லை. "போதுமே மேடம்" என்றார் சதாசிவம். போதாது என்றேன்.

பிப்ரவரி 3, சனி

சிலிண்டர் வந்தது. இன்னும் முப்பது முறை.

பிப்ரவரி 5, திங்கள்

ஷிப்ட் எட்டு மணிக்கு. ஏழரைக்கே கேமராக்களை ஸ்டாண்டுகளில் பொருத்திவிட்டோம். மூடுபனி, தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"காலிபரேஷனுக்கு முதல் நூறு அடி காலியா இருக்கணும்" என்று தியாகுவிடம் சொன்னேன். பொய். கேமராவுக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை.

"மீட்டர்ல ஏறுமே மேடம்?"

"ஏறட்டும். என் பேர்ல எழுதிக்குங்க."

அஞ்சுகம் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தகடு இல்லாமல் மிதித்தாள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது அடியில் ராம் ஏறி, நிற்காமல், மறுபடி இறங்கியது.

யாரும் கத்தவில்லை. அஞ்சுகம் மடியிலிருந்த கைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மாலை படங்களை எண்ணினேன். பெடலிலிருந்து கால் முழுதாக எழுந்துவிட்ட படம்: 2914. ராம் இரண்டாம் முறை இறங்கத் தொடங்கும் படம்: 2941. நடுவில் இருபத்தேழு படங்கள், ஏறத்தாழ அரை நொடி. நான்கு மூலை விளக்குகளும் 2900இல் ஒன்றாக எரிகின்றன, 3000இல் ஒன்றாக எரிகின்றன. பெரிய சக்கரத்தைப் பார்த்த கேமராவில், சக்கரத்தை ராமோடு இணைக்கும் கிளட்ச் விடுபடாமல் சிக்கி நிற்பது தெரிகிறது.

அவள் சொன்னது உண்மை. இதை நான் முதல் நாளே நம்பியிருக்கலாம். நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் சதாசிவத்தின் டிக்குகளை மட்டும் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை.

தெரியும். எழுத வேண்டாம் என்றிருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

குலசேகரன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நீங்க நேர்மையானவங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். அதனாலதான் சொல்றேன். மிஷின் கெட்டிருக்குன்னு எழுதுங்க, தாராளமா எழுதுங்க. ஆனா இன்றைய தேதில கெட்டிருக்குன்னு எழுதுங்க. செப்டம்பர் செப்டம்பரா இருக்கட்டும்."

"செப்டம்பர்ல?"

"நல்லா இருந்துச்சு. மிஷின் கெட்டுப்போறது இயற்கைதானே. அந்தம்மாவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. நம்ம சோதனைப் பிரிவோட அனுமதி போச்சுன்னா அறுபது ஃபேக்டரி போச்சு. உங்க பேரும் போகும்."

அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் சொன்னது எல்லாம் எனக்கு முன்பே தோன்றியிருந்தது என்பதால் இருக்கலாம்.

பிப்ரவரி 12, திங்கள்

அறிக்கை தயார். ஆறு பக்கம். சர்க்யூட் வரைபடம், படங்களின் எண்கள், விளக்குச் சோதனை. செப்டம்பர் பற்றி ஒரு வரியும் இல்லை.

நாளை என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். விசாரணை அதிகாரி ராமபத்ரன் என்ற வழக்கறிஞர், நிர்வாகம் நியமித்தவர். படத்தைப் போடுவேன். இருபத்தேழு படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவேன். மறுக்க இடமில்லை. குற்றச்சாட்டு விழுந்துவிடும். பூங்காவனம் நன்றி சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். செப்டம்பரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தாள் எல்லோருக்கும் வசதியானது. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். சாம்பல் நிறம், கரையில்லாதது.

பிப்ரவரி 13, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விசாரணை, கொட்டகையை ஒட்டிய அறையில் நடந்தது. மேஜைமேல் தண்ணீர்க் குவளைகள் பிரஸ்களின் அதிர்வில் நகர்ந்துகொண்டிருந்தன. ராமபத்ரன், ஒரு டைப்பிஸ்ட், தியாகு, எதிரில் பூங்காவனம் தனியாக. பத்தரைக்குப் படத்தைப் போட்டேன். திரையில் நான்கு கட்டங்கள். சத்தம் இல்லாத படம்தான், ஆனாலும் ராம் இரண்டாம் முறை இறங்கியபோது பூங்காவனத்தின் வலது கை தானாக முந்தானைக்குள் போனது. ராமபத்ரன் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். மூலை விளக்கு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "கால் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தியாகு மறுக்கவில்லை. நான் எதிர்பார்க்காதது அது.

"ஒத்துக்கறோம் சார். இப்ப மிஷின் டபுள் அடிக்குது. ஆனா செப்டம்பர்ல மேடமே வந்து பாத்து நல்லா இருக்குன்னு குடுத்திருக்காங்க. நடுவுல மூணு மாசம் ஓட்டினது யாரு? இவங்கதான். பெடல எந்நேரமும் மிதிச்சே வெச்சிருந்தா கிளட்ச் போகாம என்ன செய்யும்? மிஷின கெடுத்ததே இவங்கதான் சார்."

ராமபத்ரன் தலையசைத்தார். என் சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுத்து மேலே வைத்தார். டைப்பிஸ்ட்டிடம் சொல்லத் தொடங்கினார்: செப்டம்பர் பதினொன்றாம் தேதி தகுதி பெற்ற நபர் நேரில் சோதித்ததில் இயந்திரம் நல்ல நிலையில் இருந்ததால்...

என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் நினைத்தது போலவே.

"நிறுத்துங்க சார்" என்றேன். "நான் வரல."

"எங்க வரல?"

"செப்டம்பர்ல. இந்த ஃபேக்டரிக்கே வரல. போன மாசம்தான் இந்த ஷெட்டோட வாசல முதல்ல பாத்தேன். எங்க ஆள் யாரும் மிஷின் பக்கத்துல போகல. பதினோரு மிஷினுக்கும் பதினோரு தாள், என் மேஜைல வெச்சே கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகல."

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு வழி விட்டார். "மேடம், இத நான் எழுதிக்கணுமா?"

"எழுதிக்குங்க."

தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

பூங்காவனம் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, கணக்குக் கேட்பவள்போல் இருந்தாள்.

"இத அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே மேடம். ஒரு வார்த்த. அஞ்சுகம் நாலு வாரம் அந்த மிஷின்ல கைய விட்டுனு இருந்தா. நீங்க கேமரா செஞ்சுனு இருந்தீங்க."

சோதனை இல்லாமல் நிரூபித்திருக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மைதான். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ராமபத்ரன் முடிவைச் சொன்னார்: குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, இயந்திரத்தின் கோளாறே காரணம். பூங்காவனம் அந்தத் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ராமபத்ரன் கோப்பைக் கட்டியபடி தியாகுவிடம் சொன்னார்: "பதினோரு சான்றிதழும் செல்லாதுன்னு ரெக்கார்டுல வந்துடுச்சு. இனிமே ஒருத்தருக்கு ஒரு விரல் போனாலும் நீங்கதான் உள்ள போவீங்க. எல்லாத்தையும் நிறுத்துங்க."

"எல்லாமேவா சார்?"

"எல்லாமேதான்."

தியாகு போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், கல்லூரியிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு மின்னஞ்சல்: நாளை முதல் மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம். சதாசிவத்துக்கும் அதே. ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கையில். அவரை நான் கேட்காமல் இழுத்துவிட்டேன். கேமராக்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். "எதிர்பாத்தேன் மேடம்" என்றார். சாக்கின் முடிச்சை இறுக்கினார்.

வெளியே வரக் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார்கள். சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தன. இன்றைக்கு அரை நாள் கூலி போய்விட்டது, நாளைக்கு வேலை உண்டா என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் பிரஸ்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அஞ்சுகம் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் அவர்களோடு போய் நின்றாள்.

கடைசிச் சக்கரமும் நின்றது. அதற்குப் பிறகும் அவர்கள் கத்தித்தான் பேசினார்கள், வருடக்கணக்கில் வந்த பழக்கம். பேசியது என்னைப் பற்றி. கொட்டகையின் மறுகோடிவரை நடந்தேன், ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது.